மெல்ல எரியும் மருந்து: எறிகணையின் தடத்தில் ஐந்து நாள்

முதல் நாள்: பாரிஸ்

காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே அன்வலீத்தின் வாசலில் நின்றோம். போரில் உடல் ஊனமுற்ற படைவீரர்கள் தங்குவதற்காகப் பதினான்காம் லூயி 1670ஆம் ஆண்டில் கட்டளையிட்டு எழுப்பிய இல்லம் இது. இப்போது பிரான்சின் படைத்துறை அருங்காட்சியகம் இதற்குள் இருக்கிறது. பாரிஸுக்கு வரும் நம்மவர்கள் பொதுவாகப் பொன்முலாம் பூசிய கூரைக்குக் கீழே நெப்போலியனின் கல்லறையைப் பார்த்து, படமெடுத்துக்கொண்டு, லா சப்பலுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். எனக்கு இங்கே வேறு வேலை இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, படைமுகாமிலிருந்து செல் குத்தும், அதாவது எறிகணை வீசும், சத்தம் கேட்டவுடன் எங்களைப் பங்கருக்குள் தள்ளிவிட்டு அப்பம்மா வாய்விட்டு எண்ணத் தொடங்குவார். எத்தனையாவது எண்ணில் வெடிக்கிறது என்பதைக் கொண்டு அது எங்கே விழுந்திருக்கும் என்று ஒரு மதிப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த எண்ணிக்கை எனக்கும் பழகிவிட்டது. ஆனால் எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் இரும்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது நாற்பது வயதைக் கடந்த பிறகும் எனக்குத் தெரியாமலே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஐந்து நாள் பயணம். காரை ஓட்ட வந்திருப்பவர் பெரியம்மாவின் மகன். பாரிஸில் முப்பது ஆண்டுகளாக லொறி ஓட்டுபவர். அருங்காட்சியகங்களில் துளி ஆர்வமும் இல்லாதவர்.

முதலில் பார்த்தது எறிகணைக்கு முந்திய ஒரு பொருளை. ரோட்ஸ் தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்திருந்த வெண்கலப் பீரங்கி அது. அதன் எடை 3,325 கிலோ. 260 கிலோ எடையுள்ள கருங்கல் உருண்டையை அது வீசியது. உரலைப் படுக்க வைத்தது போன்ற அதன் வாய்க்குள் ஒரு சிறுவன் தாராளமாகப் புகுந்து உட்காரலாம். அந்தக் கல் உருண்டை செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: போய் மோதுவது. மோதியதும் அதன் வேலை முடிந்தது. மதில் இடிந்தால் உண்டு. கல் சேற்றில் புதைந்தால் ஒன்றும் இல்லை. எறிகணையின் வேலையோ போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. உள்ளே ஒன்றும் இல்லாத கெட்டிக் குண்டுக்கும் எறிகணைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். தீக்குடுக்கை என்று நம் பழைய தமிழில் ஒரு சொல் உண்டு. சுரைக்குடுக்கையைப் போல உள்ளே வெற்றிடம், அதற்குள் தீ. அந்தச் சொல்லை உண்டாக்கியவர் பொருளை நன்றாகப் பார்த்திருக்கிறார்.

முற்றத்தில் வரிசையாக நிற்கும் வெண்கலப் பீரங்கிகளுக்கு நடுவே குட்டையான, வானத்தைப் பார்த்த மோர்ட்டார்களும் இருக்கின்றன. தீக்குடுக்கையை வீசியவை இவைதாம். வார்ப்பிரும்பில் உள்ளீடற்ற ஓர் உருண்டையை வார்ப்பார்கள். சுவரின் தடிப்பு ஏறத்தாழ விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. மேலே ஒரு துளை. அதன் வழியே வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்தைப் புனல் வைத்து நிரப்பிவிட்டு, துளையில் ஒரு மரக்குழலை அடித்து இறுக்குவார்கள். கீழ்நோக்கிக் குறுகிச் செல்லும் அந்தக் குழலின் நடுவில் ஒரு நேர்த் துளை. அதற்குள் மெல்ல எரியக்கூடிய கலவையைச் சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் இடித்து இறுக்கியிருப்பார்கள். ஓரிடத்தில் இறுக்கம் குறைந்தால் தீ அங்கே பாய்ந்துவிடும், கூடினால் தயங்கும். எத்தனை நொடியில் வெடிக்க வேண்டுமோ அந்த அளவுக்குக் குழலை அறுத்துவிடுவார்கள். நீளம்தான் நேரம். நமது ஊர்க் கோயில் வாணக்காரர் திரியைக் கிள்ளி அளவு பார்ப்பதை இதனுடன் ஒப்பிட்டால் தவறில்லை. ஆனால் வாணக்காரர் பற்றவைத்துவிட்டு ஓடலாம்.

பீரங்கிக்காரர் ஓட முடியாது. தொடக்க காலத்தில் இதற்கு இரண்டு தீ வேண்டியிருந்தது. பீரங்கிக் குழலின் வாய்க்குள் கையை நீட்டிக் குண்டின் திரியை முதலில் கொளுத்த வேண்டும். உடனே பீரங்கியின் பின்புறத்துச் சிறு துளையில் இன்னொரு தீயை வைக்க வேண்டும். பின்னால் வைத்த தீ பிடிக்காமல் போனால், எரியும் திரியுடன் குண்டு குழலுக்குள்ளேயே இருக்கும். அதற்குப் பிறகு அங்கே நிற்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. குண்டுக்கும் குழலுக்கும் இடையில் விடப்படும் மெல்லிய இடைவெளி வழியே உந்துமருந்தின் சுவாலை முன்னால் சுற்றி வந்து திரியைத் தானே பற்றவைத்துவிடும் என்பதைக் காலப்போக்கில்தான் கண்டுகொண்டார்கள். அதன் பிறகு ஒரு தீ போதுமானதாயிற்று. திரி எப்போதும் முன்னோக்கி, உந்துமருந்துக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். குண்டு குழலுக்குள் புரண்டுவிடக் கூடாது. அதற்காக அடியில் மரத்தட்டு ஒன்றைக் கட்டினார்கள்.

இந்த ஏற்பாடு நகரங்களுக்குச் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 1695 ஆகஸ்டில் வில்லரோய் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை பிரசல்ஸ் நகரத்தின் மேல் இரண்டு நாள் வெடிகுண்டுகளையும் காய்ச்சிய இரும்புக் குண்டுகளையும் பொழிந்தது. நாலாயிரம் அளவிலான வீடுகள் அழிந்தன. மதிலை உடைக்க வேண்டியதே இல்லை. அதற்கு மேலாக வீசினால் போதும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மதிலுக்குப் பின்னால் இருந்தவர்கள் அதுவரை போரில் பாதிப் பங்காளிகள். அதன் பிறகு முழுப் பங்காளிகள்.

மறுபுறம், திரி நீண்டுவிட்டால் எதிரிக்கு நேரம் கிடைத்துவிடும். 1854 ஜூன் 21 அன்று பால்டிக் கடலில் ரஷ்யரின் பொமார்சுந்து கோட்டைக்கு எதிரே நின்ற ஹெக்லா என்ற பிரித்தானியக் கப்பலின் தளத்தில் திரி எரிந்துகொண்டிருந்த குண்டு ஒன்று விழுந்தது. சார்ல்ஸ் டேவிஸ் லூக்கஸ் என்ற இளம் அதிகாரி அதைத் தூக்கிக் கடலில் எறிந்தார். பிரித்தானியாவின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற செயல்களில் காலத்தால் முந்தியது அதுதான். அவருடைய துணிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விருதில் சிறு பங்கு, குழலை ஒரு விரற்கடை நீளமாக அறுத்துவிட்ட முகம் தெரியாத ரஷ்யப் படைவீரருக்கும் சேர வேண்டும்.

மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அண்ணை வாங்கில் உட்கார்ந்திருந்தார். “இரும்பு உருண்டையைப் பாக்கவோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனி?” என்றார். நாளைக்கு உருண்டை இல்லை என்று சொன்னேன்.

இரண்டாம் நாள்: மால்மெசோன்

பாரிஸிலிருந்து வடகிழக்கே என்2 சாலையில் சுவாசோன் நகரைக் கடந்து லான் போகும் வழியில், ஷெமன் தெ தாம் என்ற மேட்டுப்பாதை குறுக்கிடுகிறது. சீமாட்டிகள் பாதை என்று பொருள். பதினைந்தாம் லூயியின் மகள்மார் இந்த வழியே பயணம் செய்ததால் வந்த பெயர். பீட்ரூட் வயல்கள், மெல்லிய மழை, ஆள் நடமாட்டம் இல்லை. இந்தச் சந்திப்புக்கு அருகில் மரங்களுக்குள் மறைந்து கிடக்கிறது மால்மெசோன் கோட்டை. உள்ளே போகும் எண்ணத்தோடு வரவில்லை. புதர் மண்டிய மேட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நின்றோம். பார்ப்பதற்கு ஏதும் இல்லாத ஓர் இடத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருக்கிறோம் என்று அண்ணை முகத்தில் எழுதியிருந்தது. எனக்கோ இந்தப் பயணத்தில் மிக முக்கியமான இடம் இதுதான்.

1870ஆம் ஆண்டுப் போரில் ஜெர்மானியரிடம் தோற்ற பிரான்ஸ், செரே தெ ரிவியேர் என்ற தளபதியின் திட்டப்படி எல்லை நெடுகக் கோட்டைகளைக் கட்டியது. கல்லால் வளைவுக் கூரை, அதன் மேல் பல அடி மண். கருமருந்துக் குண்டு மண்ணில் புதைந்து வெடித்தால் ஒரு கூடை மண்ணைக் கிளப்பும், அவ்வளவுதான். மால்மெசோன் அந்த வரிசையில் 1878க்கும் 1882க்கும் இடையில் கட்டப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1886 ஆகஸ்ட் 11 முதல் அக்டோபர் 25 வரை, பிரெஞ்சுப் படையே தன் சொந்தக் கோட்டையைக் குறிவைத்துச் சுட்டது. எதிரியின் கையில் அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்ப்பதற்காகப் புத்தம் புதிய கோட்டை ஒன்றைப் பலி கொடுத்தார்கள்.

சுட்டது மெலினைட் என்ற புதிய மருந்து நிரப்பிய எறிகணைகளால். மெலினைட்டின் அடிப்படை பிக்ரிக் அமிலம். பட்டுக்கு மஞ்சள் சாயம் ஏற்றுவதற்குப் பயன்பட்டுவந்த பொருள் அது. அதை எறிகணைக்குள் வைத்துப் பாதுகாப்பாக வெடிக்கச் செய்யும் வழியை யூஜீன் டுர்பின் 1885இல் காட்டினார். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருமருந்து வெடிப்பதில்லை, எரிகிறது, மிக வேகமாக எரிகிறது. மூடிய இரும்புக்குள் எரிவதால் உண்டாகும் வாயு இரும்பைப் பிளக்கிறது. அதனால் பழைய குண்டுகள் சில பெரிய துண்டுகளாகவே உடைந்தன. பிக்ரிக் அமிலத்தில் பரவுவது சுவாலையன்று. ஒலியின் வேகத்தை மிஞ்சிய ஓர் அதிர்ச்சி அலை. இரும்பு உடைவதற்குப் பதிலாக நொறுங்குகிறது, சுற்றியுள்ள மண்ணும் கல்லும் பெயர்த்தெடுக்கப்படுகின்றன. அதே சமயம் பீரங்கியிலிருந்து கிளம்பும்போது கிடைக்கும் உதைக்கு அது அசைந்துகொடுப்பதில்லை; தனியான ஒரு வெடிப்பான் தட்டினால்தான் எழும். நாய் குரைப்பதும் பாம்பு கொத்துவதும் போல என்று அண்ணைக்கு விளக்கினேன். அவர் முதல் முறையாகத் தலையாட்டினார்.

மருந்து மாறியதோடு உடலும் மாறிற்று. உருண்டை வடிவம் போய், வார்ப்பிரும்பு போய், மெல்லிய சுவருடைய நீண்ட எஃகுக் குழாயாக எறிகணை ஆகியது. ஒரே விட்டத்தில் பல மடங்கு மருந்து ஏறியது. 220 மில்லிமீட்டர் மோர்ட்டாரிலிருந்து கிளம்பி உயரத்திலிருந்து செங்குத்தாக விழுந்த இந்த எறிகணை, கோட்டையின் மேலிருந்த மண்ணுக்குள் ஆழமாக இறங்கியது. இறங்கிய பிறகு கண்ணிவெடி போல வெடித்து வளைவுக் கூரையைக் குடைந்தது. பாதுகாப்பு என்று போடப்பட்ட மண், வெடிப்பின் விசை வெளியே தப்பாமல் அமுக்கிப் பிடிக்கும் மூடியாக மாறிவிட்டது. நாடு முழுவதும் பெரும் பொருட்செலவில் எழுப்பிய கோட்டைகள் சில வாரங்களில் பழங்கட்டடங்களாகிவிட்டன. எல்லாவற்றையும் திருத்தப் பணம் இல்லை. வெர்டன், தூல், எப்பினல், பெல்போர் போன்ற எல்லைப்புற இடங்களின் கோட்டைகளுக்கு மட்டும் கொங்கிறீற்றுப் போர்வை போட்டார்கள், மற்றவற்றைக் கைவிட்டார்கள். பீரங்கிகளைக் கோட்டைக்கு வெளியே சிதறி வைக்கும் பழக்கமும் அப்போதுதான் வேரூன்றியது.

1917 அக்டோபரில் இதே இடிந்த மேட்டைப் பிடிப்பதற்காகப் பிரெஞ்சுப் படை மறுபடியும் இதன்மீது எறிகணைகளைக் கொட்டியது. சொந்த நாட்டுப் படையிடம் இரண்டு முறை அடி வாங்கிய கோட்டை. மழை வலுத்ததால் காரில் ஏறி வெர்டனுக்குப் புறப்பட்டோம்.

மூன்றாம் நாள்: வெர்டன்

விடுதிக்கு அருகில் பழம்பொருள் விற்கும் ஒரு கடை. வெளியே மேசையில் பித்தளை எறிகணைக் கோதுகள் பூச்சாடிகளாக நின்றன. அவற்றுக்கு நடுவே, கூம்பு வடிவத்தில், உள்ளங்கையை நிறைக்கும் ஒரு பித்தளைப் பொருள் இருந்தது. மருந்தெல்லாம் நீக்கப்பட்டது என்று கடைக்காரப் பெண்மணி உறுதி சொன்ன பிறகுதான் கையில் எடுத்தேன். ஜெர்மன் எறிகணையின் மூக்கில் திருகப்படும் நேரப் பியூஸ், அதாவது குறித்த நேரத்தில் எறிகணையை வெடிக்கச் செய்யும் பொறி. கூம்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். கீழ் வளையத்தின் விளிம்பில் எண்கள் செதுக்கப்பட்டிருந்தன. சில எண்களின் மேல் பாசி நிறத்தில் களிம்பு. கட்டைவிரலால் தள்ளினேன். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மெதுவாகச் சுழன்றது. சுழலும்போது கரகரவென்ற மிக மெல்லிய அதிர்வு விரலுக்குத் தெரிந்தது.

வளையங்களின் உட்புறத்தில் ஒரு பள்ளம் ஓடும். அதில் கருமருந்தை இறுக்கியிருப்பார்கள். பீரங்கி வெடிக்கும்போது எறிகணை திடீரென்று முன்னே பாய்வதால், உள்ளே இருக்கும் ஒரு சிறு குமிழ் பின்தங்கி ஊசியில் மோதித் தீப்பிடிக்கும். அந்தத் தீ மேல் வளையத்தின் பள்ளத்தில் வட்டமாக ஓடி, ஒரு துளை வழியே கீழ் வளையத்துக்கு இறங்கி, அங்கும் ஓடி, கடைசியில் எறிகணையின் வயிற்றுக்குள் பாயும். கீழ் வளையத்தைச் சுழற்றினால் தீ கடக்க வேண்டிய தூரம் கூடும் அல்லது குறையும். அன்வலீத்தில் பார்த்த மரக்குழலைச் சுருட்டி வட்டமாக்கி, அறுப்பதற்குப் பதிலாகத் திருப்பினால் போதும் என்று செய்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டு முன்னேற்றத்துக்குப் பிறகும் உள்ளே எரிவது அதே கரியும் கந்தகமும் வெடியுப்பும்தான். வாங்கவில்லை, விலையும் கூடுதல், வீட்டில் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

இந்த நுட்பம் யாருக்காக என்று பார்த்தால், ஹென்றி ஷ்ராப்னெல் என்ற பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரியிடம் போய் நிற்கும். 1784இல் அவர் சோதிக்கத் தொடங்கிய எறிகணை 1803இல் படையால் ஏற்கப்பட்டு, 1804இல் சுரினாமில் முதன்முதலாகப் போரில் பயன்பட்டது. அவருடைய எண்ணம் எளிமையானது: உருண்டைக்குள் துப்பாக்கிச் சன்னங்களை நிரப்பி, இரும்பைத் திறந்துவிடுமளவுக்கு மட்டும் சிறிது மருந்தை வைத்து, எதிரியின் வரிசைக்குச் சற்று முன்பாக வானிலேயே உடையச் செய்வது. சன்னங்களைக் கொல்லும் வேகத்தில் செலுத்துவது அந்த மருந்தன்று. எறிகணைக்கு ஏற்கனவே இருக்கும் வேகம். ஆகவே நேரம் தவறினால் எல்லாம் தவறிவிடும். அரை நொடி முந்தினால் சன்னங்கள் வலுவிழந்து விழும், பிந்தினால் தலைக்கு மேலே போய்விடும். இன்று உடைந்த இரும்புத் துண்டு எதையும் ஆங்கிலத்தில் அவருடைய பெயரால் குறிப்பிடுகிறார்கள், அது பிழை. எங்களூரில் அதைப் பீஸ் என்போம். சன்னம் வேறு, பீஸ் வேறு என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிரான்ஸ் இந்த வழியின் உச்சத்தை 1897ஆம் ஆண்டின் 75 மில்லிமீட்டர் பீரங்கியில் தொட்டது. அதன் ஒரு ஷ்ராப்னெல் எறிகணைக்குள் 290 ஈயச் சன்னங்கள். பியூஸைத் துளைத்து நேரத்தைக் குறிப்பதற்குப் பீரங்கிக்கு அருகிலேயே ஒரு பொறி நின்றது. எறிகணையின் மூக்கை அதற்குள் நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால் வேண்டிய இடத்தில் துளை விழும். உந்துமருந்தின் உதையைக் குழலே உள்வாங்கிக்கொள்ளும் நீர்ம அமைப்பு இருந்ததால், பீரங்கியை ஒவ்வொரு முறையும் இழுத்து வந்து குறி வைக்கத் தேவையில்லை. நிமிடத்துக்குப் பதினைந்து முறை சுடலாம். 1914 ஆகஸ்டில் திறந்த வெளியில் வரிசையாக வந்தவர்களை இத்தகைய பீரங்கிகள் இரு தரப்பிலும் அறுத்துத் தள்ளின. ஆகவே மனிதர்கள் மண்ணுக்குள் இறங்கினார்கள். சாய்வாக விழும் சன்ன மழை பதுங்குகுழிக்குள் இருப்பவரைத் தீண்டுவதில்லை. குழியை அழிக்க மெலினைட் போன்ற கடுவெடிமருந்தே வேண்டியிருந்தது. அது வந்ததும் குழி ஆழமாயிற்று. குழி ஆழமானதும் பீரங்கி பெரிதாயிற்று. 1915இல் பிரெஞ்சு வீரருக்கு ஏட்ரியன் என்ற எஃகுத் தலைக்கவசம் வந்ததும் துப்பாக்கிக் குண்டுக்காக அன்று, மேலிருந்து விழும் பீஸுக்காகத்தான்.

அந்தப் போட்டி எங்கே போய் முடிந்தது என்பதை மதியத்துக்குப் பிறகு பார்த்தோம். 1916 பெப்ரவரி 21 காலையில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ஜெர்மன் பீரங்கிகள் இந்தக் குன்றுகளின் மேல் சுடத் தொடங்கின. சமர் ஏறத்தாழ முந்நூறு நாள் நீடித்தது. நாங்கள் நடந்த காட்டில் சமதரையான ஒரு பாய் அளவு நிலம் கூட இல்லை. ஒரு குழியின் விளிம்பு இன்னொரு குழியின் விளிம்பை வெட்டுகிறது, அதை இன்னொன்று. பாசியும் பைன் மரங்களும் மூடியிருப்பதால் முதலில் அலையாடும் பச்சைக் கடல் போலத் தோன்றும். ஒரு குழிக்குள் இறங்கி நின்றபோது அண்ணையின் தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஃபிளரி என்ற ஊர் இருந்த இடத்தில் சிறு குறிகள் நட்டிருக்கிறார்கள்: இங்கே ஒரு விவசாயி இருந்தார், இங்கே மளிகைக் கடை இருந்தது என்று. வீடு இல்லை, அடித்தளக் கல் கூட இல்லை. குடியிருப்பவர் ஒருவரும் இல்லாத அந்த ஊருக்கு இன்றும் ஒரு நகரத்தந்தை உண்டு. வெர்டனைச் சுற்றி இப்படி ஒன்பது ஊர்கள் அழிந்தன.

துவோமோன் கோட்டைக்குள் சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டிக் கூரையிலிருந்து வெண்ணிறக் கூர்கள் தொங்குகின்றன. மால்மெசோனின் பாடம் இங்கே கட்டடமாக நிற்கிறது: கல் வளைவு, அதற்கு மேல் மணல் படுக்கை, அதற்கு மேல் இரண்டரை மீட்டர் வரை கொங்கிறீற்று. மணல் எதற்கு என்றால், அதிர்ச்சியைக் கல்லுக்குக் கொடுக்காமல் தான் வாங்கிக்கொள்ள. 420 மில்லிமீட்டர் எறிகணைகளையும் இந்தக் கூரை தாங்கியது. ஆனால் கோட்டைகளால் இனிப் பயனில்லை என்று 1915இல் தலைமைப்பீடம் இதன் ஆயுதங்களையும் ஆட்களையும் பெரும்பாலும் எடுத்துவிட்டது. 1916 பெப்ரவரி 25 அன்று ஜெர்மன் வீரர்கள் சிலர் ஏறத்தாழச் சுடாமலே உள்ளே வந்துவிட்டார்கள். அக்டோபரில் பிரெஞ்சுப் படை 400 மில்லிமீட்டர் ரயில் பீரங்கிகளைக் கொண்டுவந்து தன் கோட்டையின் கூரையைத் தானே துளைத்து அதை மீட்டது. கோட்டைகளால் பயனில்லை என்ற முடிவுக்கு வரக் காரணமான இடத்துக்கு நாளை மறுநாள் போகிறோம்.

வெளியே, எலும்பில்லத்தின் சன்னல்கள் வழியே குனிந்து பார்த்தேன். அடையாளம் காண முடியாத 1,30,000 பேரின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. ஏன் அடையாளம் காண முடியவில்லை என்பதற்கு எறிகணையே விடை. அண்ணை குனியவில்லை.

நான்காம் நாள்: கிராவலோட், மெட்ஸ்

காலத்தில் பின்னோக்கி ஒரு நாள். வெர்டனிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் கிராவலோட். 1870 ஆகஸ்ட் 18 அன்று பெரும் சமர் நடந்த இடம். 1870ஆம் ஆண்டுப் போருக்கென்றே இங்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

உருண்டை நீண்டு கூம்பானதற்குக் காரணம் சுரிகுழல். குழலின் உட்சுவரில் திருகாணி போலப் பள்ளம் வெட்டி எறிகணையைப் பம்பரமாகச் சுழலவிட்டால் அது மூக்கை முன்வைத்தே பறக்கும். பிரெஞ்சு எறிகணையின் பக்கங்களில் பள்ளத்துக்குள் பொருந்தும் துத்தநாகக் குமிழ்கள் இருந்தன; ஜெர்மானியர் பக்கத்தில், பிரஷ்ய எறிகணைக்கு ஈயச் சட்டை. எறிகணை சுழல்கிறது என்பதால்தான் இன்னொன்றும் முடிந்தது. எப்போதும் மூக்கில் விழுமென்றால், மூக்கு தரையில் பட்டதும் வெடிக்கும் பியூஸைப் பொருத்தலாம் அல்லவா? பிரஷ்யர்களின் பியூஸில் குறுக்கே ஓர் ஆணி இருந்தது. எறிகணை சுழலும்போது அந்த ஆணி வெளியே வீசப்பட்டுவிடும், அதுவரை பாதுகாப்பு. தரையில் மோதியதும் உள்ளே தளர்ந்திருக்கும் ஊசி தன் வேகத்தால் முன்னே ஓடிக் குத்தும். நேரம் கணிக்கத் தேவையே இல்லை. பிரெஞ்சுப் பியூஸ்களோ பெரும்பாலும் நேரத்தை நம்பியவை. அதிலும் இரண்டே தூரங்களில்தான் அவற்றை வெடிக்கச் செய்ய முடிந்தது. இடைப்பட்ட தூரத்தில் நின்றவர்களுக்கு அது பெரும் வசதி. பிரஷ்யருக்கு க்ரூப் ஆலை செய்து கொடுத்த எஃகுப் பீரங்கிகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; என் மதிப்பில் அந்தக் குறுக்காணிக்கும் சமமான பங்கு உண்டு.

மாலையில் மெட்ஸ். ஹென்றி ஜோசப் பெக்ஸான் 1783இல் பிறந்த நகரம் என்பதற்காகவே இங்கே தங்கினோம். மோர்ட்டாரில் வானை நோக்கி வீசப்பட்ட வெடிகுண்டை நீண்ட குழலிலிருந்து நேராகக் கப்பல் பக்கத்தில் அடிக்க முடியும் என்று காட்டியவர் அவர். கெட்டி இரும்பு உருண்டை மரக்கப்பலில் போட்ட ஓட்டையைத் தச்சர் கட்டையை அடித்து மூடிவிடுவார். பலகைக்குள் பதிந்து பிறகு வெடிக்கும் குண்டுக்குத் தச்சரிடம் மருந்து இல்லை. 1824இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் பசிபிகத்தர் என்ற பழைய கப்பலின்மேல் இதைச் சோதித்தார்கள். பெயருக்குப் பொருள் அமைதியாக்குபவன். 1853 நவம்பர் 30 அன்று சினோப் துறைமுகத்தில் நாகிமோவின் ரஷ்யக் கப்பல்கள் வெடிகுண்டுப் பீரங்கிகளால் துருக்கியக் கப்பற்படைப் பிரிவை எரித்தழித்தன. ஆறு ஆண்டுகளில், 1859இல், இரும்புத் தகடு போர்த்திய குளோவார் என்ற கப்பலை பிரான்ஸ் கடலில் இறக்கியது. மரக் கப்பற்படைகளின் நெடுங்காலம் அத்தோடு சரி. மெட்ஸில் மீன் குழம்பு கிடைக்கும் கடை ஒன்றை அண்ணை கண்டுபிடித்ததால் இன்றைய குறிப்பு இவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்: லோன்சின்

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கோட்டைகள். பிரியால்மோன் என்ற பொறியாளர் 1888க்கும் 1892க்கும் இடையில் கட்டியவை. அதாவது மெலினைட்டின் செய்தி பரவிய பிறகு, கொங்கிறீற்றாலேயே. ஆனால் அந்தக் கொங்கிறீற்றுக்குள் கம்பி இல்லை. அன்று கற்பனைக்கு எட்டிய பெரிய எறிகணை 210 மில்லிமீட்டர். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் கொண்டுவந்தது அதில் இரு மடங்கு விட்டமுள்ள 420 மில்லிமீட்டர். ஓர் எறிகணையின் எடை 800 கிலோ அளவில்.

லோன்சின் கோட்டையின் வாசலில் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு பக்கம் அறைகள், படுக்கைகள், வெதுப்பகம், எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நடைபாதையின் மறுமுனையில் வெளிச்சம். வெளியே வந்தால் கோட்டை இல்லை. வீடளவு கொங்கிறீற்றுப் பாளங்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. எஃகுக் கவசக் கோபுரம் ஒன்று காளான் குடை போலக் கவிழ்ந்து கிடக்கிறது. ஆகஸ்ட் 15 மாலை ஐந்தரை மணிக்குச் சற்று முன்பு 420 மில்லிமீட்டர் எறிகணை ஒன்று கூரையைத் துளைத்து மருந்துக் கிடங்கில் இறங்கியது. அங்கே பன்னிரண்டு தொன் வெடிமருந்து இருந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களில் ஏறத்தாழ 350 பேர் ஒரே நொடியில் இறந்தார்கள். பெரும்பாலோரை எடுக்க முடியவில்லை. அவர்கள் இன்னும் இந்தப் பாளங்களுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். இடிபாடுகளுக்குள் மயங்கிக் கிடந்த தளபதி லெமானை ஜெர்மானியர் உயிரோடு பிடித்தார்கள். துவோமோனின் பீரங்கிகளை அகற்ற வைத்தது இந்தக் காட்சிதான்.

அந்த எறிகணையின் பியூஸ் மூக்கில் இல்லை, அடியில் இருந்தது. மோதிய உடனே வெடித்திருந்தால் கூரையின் மேல் ஒரு குழி விழுந்திருக்கும். ஊசி குத்தியதற்கும் வெடிப்பான் எழுவதற்கும் இடையே, கூரையைக் கடந்து உள்ளே வரும்வரை, மிகச் சிறிய தாமதம் ஒன்று வேண்டும். இத்தகைய பியூஸ்களில் அந்தத் தாமதத்தைத் தருவது இடையில் வைக்கப்படும் ஒரு சிறு வில்லை. அழுத்தி இறுக்கிய கருமருந்து வில்லை. முதல் நாள் பார்த்த மரக்குழல், ஒரு பருப்பளவாகச் சுருங்கி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பெயர்ப் பலகைக்கு முன்னால் அண்ணை நெடுநேரம் நின்றார். பிறகு, “பீரங்கியில இருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?” என்று கேட்டார்.

“ஒரு நிமிசம் அளவில, அண்ணை. அவ்வளவு உயரம் போய்த்தான் விழும்.”

“அப்ப இவையளும் எண்ணியிருப்பினம்.”

எண்ணியிருப்பார்கள். முன்தின மாலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த எறிகணைகளில், வரும் சத்தத்தை வைத்தே எது எங்கே விழும் என்று அவர்களுக்கும் பழகியிருக்கும். கூரைக்கும் கிடங்குக்கும் இடையில் அந்த வில்லை எரிந்த நேரத்தை மட்டும் எந்த எண்ணிக்கைக்குள்ளும் கொண்டுவர முடியாது.

அண்ணை வாசலுக்குப் போய்க் காரை எடுத்தார். சைக்கிள் சிறுவர்கள் வழிவிட்டு நின்றார்கள். பாரிஸ் சேர இன்னும் மூன்றரை மணி நேர ஓட்டம். அவருக்கு நாளை காலை ஐந்து மணிக்கு வேலை.